கம்பளி போர்த்திய ஐஸ்கட்டி

அக்னி நட்சத்திரத்தில் அரக்கோணம் எப்படிக் காயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் ஒரு மதியம், பேத்தியும் எதிர்வீட்டுப் பையனும் திண்ணையில் ஆளுக்கொரு ஐஸ்கட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். "தாத்தா, ஐஸ்லேருந்து குளிர் கையில ஏறுது" என்றாள் பேத்தி.

"ஏறலைம்மா. உன் கையில இருக்கிற சூடுதான் ஐஸுக்குப் போகுது" என்றேன். நம்பவில்லை. சரியென்று இரண்டு டம்ளர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் போட்டேன். ஒன்றை அப்படியே வைத்தேன். இன்னொன்றை என் பழைய கம்பளிச் சால்வையால் சுற்றி வைத்தேன். எது முதலில் கரையும் என்று கேட்டதற்கு இருவரும் ஒரே குரலில், "கம்பளிதான் சூடாச்சே, அதுதான்!" என்றார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் சும்மா வைத்தது தண்ணீர். சால்வைக்குள் இருந்தது இன்னும் கட்டியாக இருந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த நேரத்தில்தான் ஐஸ் ஹவுஸ் கதையைச் சொன்னேன்.

திருவல்லிக்கேணி கடற்கரைச் சாலையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் அழைக்கும் கட்டடம்தான் அது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதும், பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே இல்லம் நடத்தியதும் பலருக்குத் தெரியும். ஆனால் 1842 வாக்கில் அதைக் கட்டியது ஐஸை அடுக்கி வைக்க. அந்த ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து!

பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த குளங்களைக் குதிரை இழுக்கும் கத்தியால் அறுத்து, கட்டி கட்டியாகக் கப்பலில் ஏற்றினார். 1833 மே மாதம் 180 டன்னோடு புறப்பட்ட 'டஸ்கனி' என்ற கப்பல், பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நாலு மாதத்தில் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. பிறகு சென்னைக்கும் பம்பாய்க்கும் வியாபாரம் பரவியது.

எப்படி மிஞ்சியது? மரத்தூள். நம் காலத்து ஐஸ் வண்டிக்காரர் உமியும் சாக்கும் போட்டு மூடுவாரே, அதே வித்தைதான். மரப் பலகை வழியாகவும் சூடு ஒட்டி ஒட்டிப் போகும். அதற்குக் கடத்தல் என்று பெயர். கரண்டிக் காம்பு சுடுவது அப்படித்தான். ஆனால் மரத்தூளின் இடுக்குகளில் சிக்கிய காற்று சூட்டை லேசில் கடத்தாது. அந்தக் காற்று ஓடியாடவும் முடியாததால், சோற்றுப் பானையில் கொதிநீர் மேலும் கீழும் சுழன்று சூட்டைச் சுமப்பதுபோல அதனால் சுமக்க இயலாது. அது சலனம். வெயிலின் சூடு மட்டும் எதையும் தொடாமல் கதிராகவே வரும். அதற்கு ஐஸைக் கப்பலின் அடித்தளத்தில் இருட்டில் வைத்தால் போதும். கட்டிகளை நெருக்கி அடுக்கியதால் வெளிப்பக்கம் குறைந்து, உள்ளே இருப்பது தப்பியது. 1874-இல் சென்னையிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்ய ஒரு கம்பெனி வந்தது. கப்பல் ஐஸுக்குப் பிறகு மவுசு இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, குமாஸ்தா வேலைக்காக இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டவன். எங்கள் வகுப்பில் லவுவாசியே பெயர் அடிக்கடி அடிபடும். அவரும் லப்லாசும் 1782-83 குளிர்காலத்தில், கினிப்பன்றி என்ற சின்னப் பிராணியை ஐஸ் சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, எவ்வளவு ஐஸ் கரைந்து வழிகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். அறையின் சூடு கணக்கைக் கெடுக்காமலிருக்க வெளியே இன்னொரு அடுக்கு ஐஸ். உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்குகிறது என்பது அளவோடு தெரிந்தது. அவரோ சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் என்றே எண்ணி, 'கலோரிக்' என்று பெயரிட்டு 1789-இல் தனிமங்களின் பட்டியலில் சேர்த்தார். 1840-களில் இங்கிலாந்தின் ஜூல், தண்ணீரைக் கலக்கினாலே சூடேறுவதை அளந்து, சூடு என்பது ஆற்றல் என்று காட்டினார். அதற்கு முன்பே டியூடரின் ஐஸ் கல்கத்தா வந்துவிட்டது.

கம்பளி என்றால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். எனக்குப் பத்து வயதிருக்கும். தங்கைக்குக் கடுஞ்சுரம். பாட்டி ஜன்னலையெல்லாம் சாத்தி, இரண்டு கம்பளி போர்த்தினார். இரவில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஓடிவந்த டாக்டர் முதலில் கம்பளிகளை உருவி எறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். "உள்ளே அடுப்பு எரியுது, புகைபோக்கியை அடைச்சா எப்படிம்மா?" என்றார் பாட்டியிடம். வலிப்புக்கு அந்தக் கம்பளிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சுரத்தால் வந்திருக்கலாம். ஆனால் ஐஸுக்குள் சூடு போகாமல் தடுப்பது எதுவோ, அதுவே அவள் உடம்பின் சூடு வெளியே போகாமலும் தடுத்துக்கொண்டிருந்தது. பாட்டி வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். தங்கை பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்கே பேரன் இருக்கிறான்.

இதைக் கேட்டு பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ கம்பளிக்குன்னு சொந்தமா சூடே கிடையாதா தாத்தா?" என்றான். கிடையாதுடா என்றேன். சால்வைக்குள் மிச்சமிருந்த ஐஸை எடுத்து எலுமிச்சை சர்பத்தில் போட்டுக்கொண்டான். நனைந்த சால்வையைக் கண்ட மகளிடம் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.