சம்பளமில்லா விடுப்பும் லே-ஆஃப் சட்டமும்: பெருந்தொற்றுக் கால விமான ஊழியர்கள் குறித்து

2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்களுக்கு இந்தியாவில் வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றுபோயின. வருவாய் இழந்த நிறுவனங்கள் ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. இண்டிகோ மே மாதம் முதல் படிநிலைப்படி மாதம் ஒன்றரை முதல் ஐந்து நாள்வரை விடுப்பு அறிவித்தது. அப்போது அரசின் கையில் இருந்த ஏர் இந்தியா இன்னும் வெகுதூரம் போனது. ஜூலை 14 ஆணைப்படி ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ விடுப்பு, ஐந்தாண்டுவரை நீட்டிக்கலாம். விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமல்ல, நிர்வாக இயக்குநர் தேர்ந்தெடுப்பவருக்கும் அது கட்டாயம்.

இந்தக் கட்டாய விடுப்பு சட்டப்படி லே-ஆஃப்தான் என்பது என் வாதம். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து, உழைக்க ஆயத்தமாகவும் இருப்பவருக்கு இயற்கைப் பேரிடராலோ அதோடு தொடர்புடைய காரணத்தாலோ வேலை தர இயலாமையை, அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் லே-ஆஃப் என்றே வரையறுத்தது. 1953 திருத்தம் அதற்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் பாதியை இழப்பீடாக்கியது. ஆனால் அந்த இழப்பீடு ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே. விமானப் பழுதுபார்ப்புப் பட்டறையை ஆலை என்று வாதிட இடமுண்டு. கேபின் ஊழியருக்கும் செக்-இன் கவுன்டரில் நிற்பவருக்கும் அந்த வழியும் இல்லை. (விமானிகள் சட்டப்படி ‘தொழிலாளர்’தானா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை.)

சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று நிறுவனத் தரப்பு இங்கே நிறுத்திக்கொள்ளும். 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பயர்ஸ்டோன் டயர் வழக்கு இதற்கு நேர் எதிரான முடிவைத் தருகிறது. அந்நிறுவனத்தின் டெல்லி விநியோக அலுவலகத்தில் ஐம்பது பேர்கூட இல்லை. அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடத்துக்கு இழப்பீட்டுப் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தமோ நிலையாணையோ அதிகாரம் தராதபோது லே-ஆஃப் செய்யும் இயல்பான உரிமை முதலாளிக்குக் கிடையாது, செய்தால் பொதுவாக முழுச் சம்பளத்துக்கு ஈடான இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆக, பாதிச் சம்பளப் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவரின் உரிமை பூஜ்யமாகிவிடவில்லை. முழுச் சம்பளம் கேட்க அவருக்கு வழியிருக்கிறது.

வருவாயே இல்லாதபோது எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. ஊரடங்குக் காலச் சம்பளம் குறித்த ஃபிகஸ் பேக்ஸ் வழக்கில் 2020 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்க்கச் சொன்னதும் அந்த நெருக்கடியை உணர்ந்துதான். ஆனால் வேலையே போய்விடுமோ என்று அஞ்சும் தனியொரு ஊழியரிடம் வாங்கும் சம்மதத்தைப் பேச்சுவார்த்தை என்று ஏற்க முடியாது. அமெரிக்காவில் கேர்ஸ் சட்டம் பயணிகள் விமான நிறுவனங்களின் சம்பளச் செலவுக்கென 2,500 கோடி டாலர்வரை ஒதுக்கியது. பணம் பெற்றவர்கள் செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாய விடுப்பில் அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையோடு. இங்கே அப்படியொரு ஏற்பாடு இல்லை. சுமை ஊழியர் தலையில் இறங்கியது.

ஏர் இந்தியா ஆணை சொன்ன அளவுகோல்களைக் கவனிக்க வேண்டும்: திறமை, பணித்தரம், உடல்நலம், முன்பு வேலைக்கு வராத நாட்கள், தேவைக்கு மிஞ்சிய ஆள் என்ற மதிப்பீடு. காரணம் பெருந்தொற்று என்றால் ஒருவரின் பழைய நோய்விடுப்பை ஏன் எண்ண வேண்டும்? இவை ஆட்குறைப்புக்கான அளவுகோல்கள். ஆட்குறைப்பு என்றாலோ கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பொது விதி உண்டு. முன்னறிவிப்பும் இழப்பீடும் உண்டு. ஐந்தாண்டு ‘விடுப்பு’ அத்தனையையும் தாண்டிப் போக வழி செய்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. லே-ஆஃப் இழப்பீட்டில் அப்போதும் ஆலை, சுரங்கம், தோட்டம் மட்டுமே இடம்பெற்றன. விமானப் போக்குவரத்தை நான்காவதாகச் சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும்.