அச்சிலுள்ள எண்ணை முதலில் வாசிப்போம்



1950களில் ஒப்புமைக் கணினியில் ஓர் இயந்திரத்தின் அசைவை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு கணியத்தையும் 100 வோல்ற்றுக்குள் அடங்குமாறு முதலில் தாளில் கணக்குப் போட்டார்கள். அளவிடை பிழைத்தால் விடையும் பிழைத்துவிடும். அதனால் எது பெரிது, எது சிறிது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

எண்மக் கணினி வந்து அந்தச் சுமையை நீக்கியது. இன்று சிமுலிங்க் போன்ற மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரைபு திரைக்கு ஏற்பத் தானாகவே பொருந்திவிடும். ஆனால் 230 வோல்ற் மின்சாரம் ஒரு வோல்ற் கூடிக் குறைந்தாலும் அது திரையில் மலையும் மடுவுமாகத் தெரியும்.

2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. நம் பிள்ளைகளும் இத்தகைய வரைபுகளை நம்பி முடிவெடுக்கும் காலம் இது. கோட்டைப் பார்த்துப் பதறுமுன் நிலைக்குத்து அச்சிலுள்ள எண்களை வாசிக்க வீட்டிலும் வகுப்பிலும் நாம் பழக்குவோம்.