மணி பிளாண்டைக் கொழுகொம்பில் ஏற்றுதல்

மணி பிளாண்ட், சேம்பும் சேனையும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த மரமேறும் கொடி. தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். தாயகம் பிரெஞ்சு பொலினீசியாவின் மொரேயா தீவு. 1880-ல் லிண்டனும் ஆந்த்ரேயும் இதைப் போத்தோஸ் பேரினத்தில் சேர்த்து விவரித்தார்கள். பூப்பது மிக அரிது என்பதால் எந்தப் பேரினத்தில் வைப்பது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது; இப்போதைய பெயர் 1964-ல்தான் கிடைத்தது. தொங்குதொட்டியில் உள்ளங்கை அளவே இலை விடும் இந்தக் கொடி, வெப்பமண்டலக் காடுகளில் மரத்தைப் பற்றி 20 மீட்டர் வரை ஏறும். அங்கே இலை அரை மீட்டருக்கும் மேல் நீண்டு, ஓரங்கள் ஆழமாகப் பிளந்து, வேறு செடியோ என்று ஐயுற வைக்கும். முன்னது இளம் பருவம், பின்னது முதிர் பருவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஏற்றமும் வெளிச்சமும் வேண்டும்.

தொங்கும் கொடி உண்மையில் பிடிமானம் தேடிக்கொண்டிருக்கும் கொடி. அதனால்தான் கணுக்களுக்கு இடையே நீளம் கூடி, இலை சிறுத்துக்கொண்டே போகிறது. இந்தத் தேடல் வெறும் தற்செயலும் அல்ல. இதே குடும்பத்து மான்ஸ்டெரா இனம் ஒன்றின் நாற்றுகள் வெளிச்சத்தை விட்டு விலகி, இருண்ட பக்கமாக, அதாவது பருத்த அடிமரம் நிற்கும் திசையாக ஊர்ந்து செல்வதை ஸ்ட்ராங், ரே என்னும் ஆய்வாளர்கள் 1975-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மரம் கிடைத்ததும் கொடி வெளிச்சத்தை நோக்கித் திரும்பி ஏறத் தொடங்கும்.

நம் விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. மிளகுக்கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் கொடிகள் நாற்றுக்கு உதவுமே தவிர, காய்க்கும் பக்கக்கிளைகள் மரமேறிய தண்டில்தான் வரும். வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்த்துவிட்டு, பிறகு கொடியை 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் வாழைநாரால் இளக்கமாகக் கட்டி ஏற்றுகிறார்கள். வீட்டுத் தொட்டிக்கும் இதைவிடச் சிறந்த முறை கிடையாது.

கொழுகொம்பு சொரசொரப்பாகவும் ஈரம் காப்பதாகவும் இருக்க வேண்டும். நர்சரிகளில் மாஸ் ஸ்டிக் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, பிவிசி குழாய்மேல் தென்னைநார்க் கயிறு சுற்றியவை. அவை பிடிமானம் தரும். ஆனால் விரைவில் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் வலையைக் குழல்போல் சுருட்டி, உள்ளே பாசியையோ ஊறவைத்த தென்னைநார்க் கழிவையோ அடைத்துச் செய்யும் கம்பம் பல மடங்கு மேல். வழவழப்பான மூங்கிலிலோ இரும்புக் கம்பியிலோ கட்டினால் கொடி நிமிர்ந்து நிற்கும், பற்றாது. வேர் உள்ளே இறங்காத கொடியை ஏறிய கொடி என்று சொல்ல முடியாது. கம்பத்தைத் தொட்டி மாற்றும்போதே நட்டுவிடுவது நல்லது. வேர் நிறைந்த தொட்டியில் பிறகு குத்தினால் வேர் அறுபடும். மேல்பாரம் கூடுவதால் மண் தொட்டியே பாதுகாப்பு.

கட்டும்போது கணுவை உற்றுப் பார்க்க வேண்டும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்துக்கு அருகே பழுப்பு நிறத்தில் சிறு முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் பற்றுவேரின் தொடக்கம். அந்த முளை கம்பத்தில் படும்படி தண்டை வைத்து, பருத்தி நூலாலோ வாழைநாராலோ தளர்வாகக் கட்ட வேண்டும். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் இலை வெளிச்சத்துக்குத் திரும்ப முடியாமல் பழுத்துவிடும். தண்ணீரைக் கம்பத்தின் உச்சியிலிருந்து மெல்ல ஊற்றி நார் முழுவதும் நனைய விட வேண்டும். ஈரம் இருந்தால் முளை நீண்டு நாருக்குள் புகும். காய்ந்தால் கருகி அப்படியே நின்றுவிடும். வேர் பிடித்த பகுதியில் கட்டை அவிழ்த்துவிடலாம்.

பல மாதங்கள் தொங்கிய நீண்ட கொடியை அப்படியே தூக்கிக் கட்டுவதில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். பழைய இலைகள் திசை மாறத் திணறும். அவை இனிப் பெரிதாகவும் மாட்டா. புதிதாக விரியும் இலைகள்தான் அளவில் கூடும். அதனால் நுனியை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டித் தண்ணீரில் வேர்விட வைத்து, கம்பத்தின் அடியில் ஊன்றிப் புதிதாகத் தொடங்குவதே சரியான வழி. சன்னலோர வெளிச்சம் தாராளமாக வேண்டும்; இருட்டு மூலையில் கம்பம் மட்டும் வைத்துப் பயனில்லை. உச்சியை எட்டியபின் கம்பத்தை நீட்டிக்கட்ட வேண்டும். மறுபடி தொங்கவிட்டால் இலை மறுபடி சிறுக்கும். வெற்றிலை விவசாயிகள் உயர்ந்த கொடியை இறக்கி மண்ணில் பதித்து மீண்டும் ஏற்றுவதைப்போல, உச்சியை வெட்டி அடியில் நட்டும் புதுப்பிக்கலாம்.

பிலோடெண்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். ஹோயா சுற்றிப் படரும் கொடி; அதற்கு மெல்லிய கம்பி வளையம் போதும், தடித்த கம்பம் உதவாது. டிரேடஸ்கான்ஷியா எதையும் பற்றி ஏறாது. அதைத் தொங்கவிடுவதே முறை.

சேனை நறுக்கும்போது கையை அரிக்கவைக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் மணி பிளாண்டிலும் உண்டு. குழந்தைகளும் நாய், பூனைகளும் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெட்டிய துண்டுகளை வேலியோரத்திலோ குளக்கரையிலோ எறியாதீர்கள். ஒரு கணு இருந்தாலே தழைத்துவிடும். கண்டியின் உடவத்தக்கலை வனத்தில் இந்தக் கொடி ஆக்கிரமிப்புத் தாவரமாகத் தரையையும் மரங்களையும் மூடிப் பரவியிருக்கிறது. மிஞ்சிய துண்டுகளை நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.