ஒரு நகர், மூன்று மாநகராட்சிகள்

தலைநகர்வாழ் தமிழராகிய நாம் நன்கறிந்த தில்லி மாநகராட்சி, 1957ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தாற் பிறந்து, 1958 ஏப்ரலில் செயற்படத் தொடங்கியது. 2011இல் தில்லிச் சட்டமன்றம் அச்சட்டத்தைத் திருத்தவே, மறு ஆண்டு அது வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாயிற்று. எல்லையைப் பிரித்தோர் வருவாயைச் சீர்தூக்க மறந்தனர் போலும்! செல்வர் குடியிருப்புகளின் சொத்துவரி தெற்கே சேர்ந்தது. கிழக்கிலோ, துப்புரவுப் பணியாளர் மாதக்கணக்கில் ஊதியங் காணாது வேலைநிறுத்தஞ் செய்தனர். தெருவெங்கும் குப்பை குவிந்தது. முதல் தேதியை எண்ணி வாழும் எழுத்தர்களாகிய நமக்கு அவர்தம் துயர் விளங்காததன்று. 2022இல் நாடாளுமன்றம் மீண்டும் திருத்தஞ் செய்ய, மே 22 அன்று மூன்றும் ஒன்றாயின. 272 உறுப்பினர் இடங்கள் 250 ஆகக் குறைந்தன. பிரித்தபோதும் இணைத்தபோதும் நகரமக்களின் வாக்கு கேட்கப்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் எதிர்பார்த்த மாநகராட்சித் தேர்தலும் திசம்பரிலேதான் நடைபெற்றது.