யோகாசிரியர் மீண்டும் மாணாக்கரான வரலாறு

யோகம் பயிற்றுவோர் தம் குருவிடம் ஒருமுறை கற்றதே ஆயுள் முழுவதற்கும் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தாரே, அதற்குமேல் கற்பதற்கு யாதுண்டு என வினவும் பெரியோரையும் நாம் அறிவோம். நூல் மாறவில்லை என்பது மெய்யே. ஆயினும் போரையும் கடற்கோளையும் கண்ட உடம்புகள் இன்று யோக வகுப்பிலே வந்து அமர்கின்றன. அவ்வுடம்புகளுக்குக் கற்பிக்கும் முறையை ஆசிரியர் எங்ஙனம் புதிதாகக் கற்கலாயினர் என்பதையே ஈண்டு கூறப் புகுகின்றோம்.

1924ஆம் ஆண்டிலே சுவாமி குவலயானந்தர் மகாராட்டிரத்து லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். நௌலி, உட்டியாணம் முதலியவற்றின்போது உடலினுள் அமுக்கம் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கருவிகொண்டு அளந்தவர் அவர். ஆசிரியர் உடற்கூற்றையும் அறிதல் வேண்டும் என்னும் கொள்கை அங்கே வலுப்பெற்றது. 1933இல் மைசூர் அரண்மனையில் யோகசாலை தொடங்கிய திருமலை கிருஷ்ணமாச்சாரியாரோ கண்டிப்புக்குப் பேர்போனவர். அம்மரபிலே மாணவரின் உடம்பை ஆசிரியர் தம் கையால் அழுத்தியும் திருப்பியும் ஆசனத்தை நிறைவாக்குவது வழக்கமாயிற்று. பின்னாளில் சென்னைக்கு வந்த அவரே, ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்றியமைக்கும் வழியை வற்புறுத்தினார். 1976இல் அவர் மைந்தர் தேசிகாச்சார் நிறுவிய யோக மந்திரம் அவ்வழியிலேயே நடந்தது. ஆனால் மேனாடுகளுக்கு முதலிற் சென்று பரவியது கைவைத்துத் திருத்தும் முறையே.

தொடுகை தீதென்று நாம் கூறவில்லை. நமது சித்த வைத்தியத்திலே தொக்கணம் ஒன்பது வகையாகச் சொல்லப்பட்டுள்ளது. தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் முதலியன அவை. தொக்கணத்துக்கு வருபவர் தொடுகையை வேண்டியே வருகின்றார். ஆசனங் கற்க வருபவர் அங்ஙனமல்லர். எதிர்பாராத வேளையில் பின்னாலிருந்து முதுகில் விழும் ஒரு கை, முன்பு அடிபட்ட ஒருவருக்குத் திருத்தமாகத் தோன்றாது. பழைய அடியாகவே தோன்றும். இந்த வேறுபாட்டை யோக உலகம் உணர நெடுநாட் சென்றது.

உணர்த்தியவர்கள் உளவைத்தியர்கள். வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் துன்பங்களைக் கண்டபின், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோய்க்கு ஒரு பெயரிட்டுத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. யாழ்ப்பாணத்திலே பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட தமிழ் நூலுக்கு 'மனவடு' என்றே பெயர். காயம் ஆறியும் அடையாளம் நிற்பதைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் நமக்குத் தெரியவில்லை.

2003ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் புறூக்லைன் நகரில், உளவைத்தியர் பெசல் வான் டர் கோல்க் நிறுவிய நிலையத்திலே டேவிட் எமர்சன் என்னும் யோகாசிரியர் மனவடுவுற்றோருக்கென ஒரு பயிற்சிமுறையை வகுக்கலாயினார். அங்கே ஆசிரியர் எவரையும் தொடுவதில்லை. கண்ணை மூடு என்பதில்லை; திறந்திருப்பதும் மூடுவதும் பயில்பவர் விருப்பம். மல்லாந்து கிடக்கும் சவாசனம் நமக்கு இளைப்பாறலாக இருக்க, சிலருக்கு அதுவே அச்சந் தருவது. அவர்கள் அமர்ந்தே இருக்கலாம். நடந்தது யாது என்று ஆசிரியர் கேட்பதுமில்லை. அது உளவைத்தியரின் பணி.

இதன் பயனை அளந்தும் பார்த்தனர். மருந்தாலும் பேச்சாலும் குணமடையாத 64 பெண்களைக்கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. வாரம் ஒரு மணியாகப் பத்து வாரம் பயின்றபின், யோகப் பிரிவில் 31 பேரில் 16 பேர் நோயின் வரையறைக்குள் அடங்கவில்லை. சுகாதாரப் பாடம் மட்டும் கேட்ட 29 பேரில் அந்நிலை எய்தியவர் 6 பேரே.

நம் கரைகளிலும் இவ்வாறான முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளுக்குச் சில வாரங்களின் பின், இலங்கையின் வட கிழக்கிலே 31 சிறுவர்களுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். நிகழ்ந்ததை எடுத்துரைக்கும் முறை ஒரு பிரிவினருக்கு. தியானமும் தளர்வுப் பயிற்சியும் மற்றப் பிரிவினருக்கு. ஆறு மாதத்தின் பின் முன்னவரில் 81 சதவீதத்தினரும் பின்னவரில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். எதுவுஞ் செய்யப்படாத பிரிவு ஒன்று ஒப்பீட்டுக்கு இல்லாமையால், தேறியதெல்லாம் பயிற்சியாலேயே என்று அடித்துக் கூறல் இயலாது. நாகபட்டின முகாம்களிலே 183 பேரிடையே மூச்சுப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதுவும் நற்பயனையே காட்டிற்று.

இவையெல்லாம் ஆசிரியரின் மேற்கல்வியாகவும் மாறின. 1999இல் அமெரிக்காவிற் பதிவு முறையைத் தொடங்கிய யோகா அலையன்ஸ், 200 மணி நேரப் பயிற்சியோடு நில்லாது, மூன்றாண்டுக்கொரு முறை 30 மணி நேர மேற்பயிற்சியையும் விதித்தது. இன்று மேனாட்டு வகுப்புகள் சிலவற்றில், தொடுவதற்கு இசைவு உண்டா இல்லையா என்பதைக் காட்ட ஒவ்வொரு விரிப்பின் அருகிலும் ஒரு சிறு அட்டை வைக்கின்றனர்.

நம்மவர் இதனைப் பயிலும்போது மொழியே முதலில் இடறுகின்றது. மடக்கு, நீட்டு, அடக்கு என ஏவலாகவே யோகம் சொல்லிப் பழகிவிட்டோம். ஏவலின் வேறாக வியங்கோளை நம் இலக்கணம் வகுத்து வைத்திருப்பினும், 'நீட்டுக' என்றால் மேடைப் பேச்சுப்போல் ஒலிக்கின்றது. "விருப்பமெண்டால் காலை நீட்டிப் பாருங்கோ, ஏலாட்டில் விடுங்கோ" என்னும் வீட்டுப் பேச்சே இவ்வேலைக்கு உகந்ததாக எமக்குப் படுகின்றது.