இளைஞர் இசை இதழும் அதன் இலக்கு வாசகரும்: தமிழ்ச் சூழலில் ஒரு வரலாறு

இளம் வயதினர் விரும்பிக் கேட்கும் பாடல்கள், பாடகர்கள், இசைக்குழுக்கள் பற்றி எழுதுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட பருவ இதழ் இளைஞர் இசை இதழ் எனப்படும். இத்தகைய இதழைத் தொடங்குவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, அதைக் காசு கொடுத்து வாங்கப்போவது யார் என்பதாகும். இதழியலில் அவரை இலக்கு வாசகர் என்பர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. தமிழில் பாட்டை அச்சில் வாங்கிப் படித்தோர் மிகப் பலர். ஆயினும் அவர்களை வயதால் பிரித்து ‘இளைஞர்’ என்று தனியே பார்க்கும் தேவை பதிப்பாளருக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை. பாட்டுப் புத்தகம், வானொலி, ஒலிநாடா ஆகியவற்றின் வரலாறு இதற்கான காரணத்தைக் காட்டுகிறது.

மேலை நாடுகளில் வாசகரைக் கண்ட விதம்

1926-இல் லண்டனில் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’ இளைஞருக்கான இதழாகப் பிறக்கவில்லை. பாடல் பதிப்பாளர் ஒருவர், நடன இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்த கலைஞர்களுக்காக அதை வெளியிட்டார். 1952-இல் வந்த ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வேறு ஒருவரைக் கண்டுகொண்டது. இசைத்தட்டு வாங்குபவரே அதன் வாசகர். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையை அது வெளியிட்டது. தாம் வாங்கிய பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே வாரந்தோறும் இதழை வாங்கும் பழக்கம் அப்படித்தான் உருவாயிற்று.

1978-இல் நிக் லோகன் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ வயதை இன்னும் கீழே இறக்கியது. லோகன் அதற்கு முன் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஆசிரியராக இருந்தவர். அந்த இதழின் நீண்ட, கடுமையான விமர்சனங்களைப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் விரும்பவில்லை. பாடல் வரிகளும் வண்ணப் படங்களும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ அவற்றைத் தந்து, 1980-களின் இறுதியில் பத்து லட்சம் படிகள் வரை விற்றது.

வாசகரைக் கண்டுகொண்டால் மட்டும் போதாது. அவர் யார் என்று விளம்பரதாரரையும் நம்பவைக்க வேண்டும். 1967-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்கு இந்தச் சிக்கல் வந்தது. கையில் காசில்லாத ஹிப்பிகள் படிக்கும் இதழ் என்று விளம்பர நிறுவனங்கள் அதை ஒதுக்கின. 1985-இல் அது நடத்திய விளம்பர இயக்கம், இடப்பக்கம் ‘எண்ணம்’ என்று ஒரு ஹிப்பியையும் வலப்பக்கம் ‘உண்மை’ என்று நன்கு சம்பாதிக்கும் நகர இளைஞரையும் காட்டியது. வாசகரே அங்கு விற்பனைப் பொருளாகிவிட்டார். 2015-இல் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இலவச இதழாக மாறியபோது இது முழுமை பெற்றது எனலாம். மூன்றாண்டுகளுக்குள், 2018-இல், அதன் வார அச்சிதழ் நின்றது.

இந்தியாவின் ஆங்கில இதழ்கள்

கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நிறுவனம் 1967-இல் ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ இதழைத் தொடங்கியது. டெஸ்மண்ட் டாய்க் அதன் ஆசிரியர். பின்னர் ‘ஜே.எஸ்.’ என்று சுருங்கிய அவ்விதழ் 1977-இல் நின்றது. ஆங்கிலப் பள்ளி, கல்லூரிகளில் படித்து, மேலைநாட்டுப் பாப் இசை கேட்ட நகர இளைஞர்களே அதன் வாசகர். அதே தலைமுறையை சிகரெட் நிறுவனமும் தேடியது. 1970-ஐ ஒட்டி நடந்த ‘சிம்லா பீட்’ இசைக்குழுப் போட்டி ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கியதே.

1993-இல் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வெளிவந்த இடம் பம்பாயோ பெங்களூரோ அல்ல, அலகாபாத். கல்லூரி விழாக்களில் ராக் வாசித்த குழுக்களும் அவற்றைக் கேட்கத் திரண்ட மாணவர்களும் நாடெங்கும் சிதறியிருந்தனர். ஊரை நம்பாமல் ரசனையை நம்பியதால் அந்த இதழ் நிலைத்தது. எண்ணிக்கையில் சிறிய கூட்டமானாலும், அது தன்னைத்தானே அடையாளம் கண்டுகொண்ட கூட்டம்.

பாட்டுப் புத்தகம்

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. நாடகக் கொட்டகைகளில் பாட்டுப் புத்தகம் விற்கும் வழக்கம் பேசும் படத்துக்கு முற்பட்டது. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தபின் அவ்வழக்கம் திரையரங்குக்கு இடம் மாறியது. மலிவான தாளில் சில பக்கங்கள். நடிகர் பெயர்கள், கதைச் சுருக்கம், பாடல்கள். கதைச் சுருக்கம் முடிச்சு விழும் இடத்தில் நின்று, “மீதியை வெள்ளித் திரையில் காண்க” என்று முடியும்.

‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 1978-இல் கண்ட வணிக உத்தியும் பாடல் வரிகளை அச்சிட்டு விற்பதுதான். தமிழ்ப் பதிப்பாளர்கள் அதைப் பல பத்தாண்டுகள் முன்பே செய்துவந்தனர். வேறுபாடு வாங்குபவரில்தான் இருந்தது. பாட்டுப் புத்தகத்தின் வாசகரைத் தீர்மானித்தது படம். படம் பார்க்க வந்த தாத்தாவும் பேத்தியும் ஒரே புத்தகத்தை வாங்கினர். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அது பயன்பட்டது. பாட்டு ஏற்கெனவே காதில் இருந்ததே அதற்குக் காரணம்.

இசையைப் பற்றி எழுதும் மரபு தமிழ் இதழ்களில் இல்லாமலில்லை. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்கள் புகழ்பெற்றவை. ஆனால் அவை கச்சேரி கேட்போருக்கானவை. சென்னையில் 1983-இல் என். பட்டாபிராமன் தொடங்கிய ‘ஸ்ருதி’ ஆங்கில இதழும் சபா ரசிகரையே நோக்கியது. திரைப்பாடல் பற்றிய செய்திகள் ‘பேசும் படம்’, ‘பொம்மை’ போன்ற சினிமா இதழ்களில் நடிகர் செய்திகளுக்கிடையே வந்தன. ஒருபுறம் சபா, மறுபுறம் சினிமா என்றிருக்க, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இதழுக்கு இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை.

அஞ்சலட்டையில் வந்த நேயர்

1952-இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தது. தமிழ்நாட்டு நேயர் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957-இல் விவித பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பிடிப்பு விடவில்லை. எஸ். பி. மயில்வாகனன், பின்னர் பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் பழகிய குரல்களாயின.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு முன் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. ஒரு பாட்டுக்குப் பத்துப் பெயர்கள் வருவதும் உண்டு. அஞ்சலட்டை வாங்கி, எழுதி, தன் பெயர் வருமா என்று காத்திருப்பவர் வெறும் கேட்பாளர் அல்ல. ஓர் இதழ் தேடும் சந்தாதாரருக்கு மிக நெருங்கியவர். அந்த அட்டைகள் சிறந்ததொரு வாசகர் கணக்கெடுப்பு. ஆனால் அவற்றில் இருந்தது பெயரும் ஊரும்தான், வயது இல்லை.

விருத்தாசலம் என்னும் எடுத்துக்காட்டு

இதழ் தொடங்குவோருக்கு நடுத்தர ஊர் ஒன்று எவ்வளவு சிக்கலானது என்பதை விருத்தாசலத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் கொண்ட இவ்வூர், விழுப்புரம்–திருச்சி தடத்தில் சேலத்துக்கும் கடலூருக்கும் கிளை பிரியும் ரயில் சந்திப்பு. பொம்மை, கோப்பை, மின்சாரப் பியூஸ் உறுப்புகள் செய்யும் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு உள்ளன.

இருபது வயதை எடுத்துக்கொண்டால், பட்டயம் படிக்கும் மாணவர், அச்சில் களிமண் வார்க்கும் தொழிலாளி, சுற்று வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை, இரயில்வே ஊழியரின் மகள் என நால்வரும் இங்கு இருப்பர். நால்வரின் கைச்செலவும் ஓய்வு நேரமும் வேறு. ஆனால் தேநீர்க்கடை வானொலியிலும் திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும் அவர்கள் காதில் விழுந்த பாட்டு ஒன்றே. அதே பாட்டை அவர்களின் பெற்றோரும் கேட்டனர். ஆங்கில நாட்டுப் பிள்ளை தன் இசையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் காட்ட ஓர் இதழை வாங்கினான். இங்கு அந்தப் பிரிவு அவ்வளவு கூர்மையாக இல்லை.

மேலும், விற்ற படிகளைக் கொண்டு வாசகரை அளக்க முடியாத ஊர் இது. 1948 முதல் இயங்கும் பத்திரிகை விற்பனைத் தணிக்கை அமைப்பு எண்ணுவது படிகளை. முடிதிருத்தகத்தில் கிடக்கும் ஒரே இதழைப் பலர் புரட்டுவது அந்தக் கணக்கில் வராது. அப்படிப் புரட்டுபவர்களில் இளைஞரே மிகுதி என்பது யாரும் அறிந்தது.

ஒலிநாடாவும் அதற்குப் பின்னும்

1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜா அறிமுகமானதை அடுத்து வந்த ஆண்டுகளில் ஒலிநாடா பரவியது. 1980-களில் ஊர்தோறும் பாடல் பதிவுக் கடைகள் முளைத்தன. வெற்று நாடாவோடு, தாளில் பன்னிரண்டு பாடல்களை எழுதிக் கொடுத்துவிட்டு இளைஞர்கள் காத்திருந்தனர். ரசனையால் பிரிந்த இளம் வாடிக்கையாளர் கூட்டம் தமிழில் தெளிவாகக் கண்ணில் பட்ட இடம் இதுவே. இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கேட்டதும் இந்தத் தலைமுறைதான். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, ராஜாவா ரகுமானா என்ற வாதம் கல்லூரி விடுதிகளில் சூடாக நடந்தது. ஓர் இசை இதழுக்கு இதைவிட நல்ல தருணம் வாய்த்திராது. ஆனால் அந்த வாதத்தைத் தொலைக்காட்சியும், 2000-களில் தனியார் பண்பலை வானொலிகளும் எடுத்துக்கொண்டன. பாடல்களை மட்டும் ஒளிபரப்பும் தமிழ் அலைவரிசைகள் வந்தபின் அஞ்சலட்டையின் இடத்தில் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் அமர்ந்தன.

பழைய பாட்டுப் புத்தகங்கள் இன்று சேகரிப்பாளர்களிடமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் உள்ளன. படக் கம்பெனியின் பெயர், அச்சகம், விலை எல்லாம் அவற்றில் உண்டு. வாங்கியவரின் வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.