கிரோன் நோய்க்கான அறுவைச் சிகிச்சை: வகைகளும் உடலில் ஏற்படும் மாற்றங்களும்

கிரோன் நோய் என்பது வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய நாள்பட்ட அழற்சி நோயாகும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும், அது பெருங்குடலுடன் சேரும் இடமும் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. அழற்சி குடற்சுவரின் முழுத் தடிமனிலும் பரவுவதால், நாளடைவில் குடல் சுருங்கலாம்; துளை விழலாம்; சீழ் கட்டலாம்.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் நோய் முற்றிலும் நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நீங்குவதில்லை. பாதித்த பகுதியை அகற்றிய பின்னரும், குடலை இணைத்த இடத்தருகே நோய் மீண்டும் தோன்றக்கூடும். சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அகற்றிய குடல் மீண்டும் வளராது. எனவே சிக்கலை நீக்குவதும், இயன்றவரை குடலைக் காப்பதுமே இச்சிகிச்சையின் நோக்கங்களாகும்.

அறுவைச் சிகிச்சை எப்போது தேவைப்படுகிறது?

• குடல் குறுகி, உணவு செல்வதில் அடைப்பு ஏற்படும்போது
• குடலில் துளை, சீழ்க்கட்டி அல்லது பௌத்திரம் உண்டாகும்போது
• மருந்துகளால் நோய் கட்டுப்படாதபோது
• நிற்காத ரத்தப்போக்கு, புற்றுநோய் அல்லது அதன் முன்மாற்றங்கள் காணப்படும்போது

நம் நாட்டில் குடல் காசநோயும் ஏறத்தாழ இதே அறிகுறிகளுடன் வருகிறது. காசநோயை மருந்துகளால் குணப்படுத்தலாம். ஆகவே, கொலனோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை ஆகியவற்றின் மூலம் நோய் எதுவென உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.

அறுவைச் சிகிச்சையின் வகைகள்

1. குடல் பகுதி நீக்கம்: நோயுற்ற பகுதியை அகற்றி, நலமான இரு முனைகளையும் இணைக்கும் முறை இதுவாகும். நலமான குடலைக் கூடுதலாக வெட்டுவதால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவதில்லை. எனவே கண்ணுக்குப் புலப்படும் நோய்ப் பகுதி மட்டுமே அகற்றப்படுகிறது. பல நோயாளிகளுக்கு இதனைச் சிறு துளைகள் வழியாக, லேப்பராஸ்கோப்பி முறையில் செய்ய இயலும்.

2. குறுக்கத்தை விரிவாக்குதல்: குறுகிய இடத்தை நீளவாக்கில் திறந்து, குறுக்குவாக்கில் தைப்பதால் பாதை அகலமாகிறது. குடலின் எப்பகுதியும் அகற்றப்படுவதில்லை. குடல் காசநோயால் ஏற்பட்ட குறுக்கங்களுக்கு இம்முறையைக் கையாண்ட அனுபவத்தை இந்திய மருத்துவர் கட்டாரியாவும் அவருடைய குழுவினரும் 1977-இல் வெளியிட்டனர். அதன் பின்னரே கிரோன் நோய்க்கும் இது பரவலாயிற்று. பல இடங்களில் குறுக்கம் உள்ளவர்களுக்கும், முன்னரே குடலின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கும் இது பெரிதும் பயன்படுகிறது.

3. பெருங்குடல் நீக்கமும் ஸ்டோமாவும்: பெருங்குடல் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் அதன் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்ற நேரிடும். அப்போது குடலின் முனையை வயிற்றின் மேற்பரப்பில் திறந்து, அதன்மேல் பை பொருத்தப்படலாம். இத்திறப்பே ஸ்டோமா. சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும் தேவைப்படும். மலக்குடலையும் அகற்றியவர்களுக்கு நிரந்தரமாக இருக்கும்.

4. ஆசனவாய்ப் பௌத்திரத்திற்கான சிகிச்சை: முதலில் சீழ் வெளியேற்றப்படும். பின்னர், மீண்டும் சீழ் கட்டாதிருக்கப் பௌத்திரத்தின் வழியே ஒரு நூல் தளர்வாகக் கட்டப்படும். மலத்தை அடக்கும் தசைகளைக் காப்பதற்காகவே இவ்வாறு செய்யப்படுகிறது. மருந்துகளும் உடன் தரப்படும்.

உடலில் ஏற்படக்கூடிய மாற்றங்கள்

வைட்டமின் பி12 குறைபாடு: இச்சத்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அப்பகுதியை அதிகம் இழந்தவர்களுக்கு ரத்தசோகை, கைகால் மரத்துப்போதல் ஆகியவை தோன்றலாம். அத்தகையோர் வாழ்நாள் முழுவதும் பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

வயிற்றுப்போக்கு: உறிஞ்சப்படாத பித்த அமிலங்கள் பெருங்குடலைச் சென்றடைவதால் நீர்த்த மலம் போகலாம். இதனை மருந்தால் கட்டுப்படுத்தலாம். நோய் திரும்பிவிட்டது என்று உடனே அஞ்ச வேண்டியதில்லை.

குறுங்குடல் நிலை: எஞ்சிய சிறுகுடல் 2 மீட்டருக்கும் குறைவாக இருந்தால் நீரும் சத்துகளும் போதிய அளவு உடலில் சேராமல் போகலாம். சிலருக்கு ரத்தநாளம் வழியாக ஊட்டச்சத்து செலுத்த வேண்டியிருக்கும்.

நீரிழப்பு: சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவர்கள் நீரோடு உப்பையும் இழக்கின்றனர். பை வழக்கத்தைவிட விரைவில் நிறையும்போது வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடிப்பது இழப்பை மேலும் கூட்டக்கூடும். ஓ.ஆர்.எஸ். கரைசலை அருந்துங்கள்.

பிற மாற்றங்கள்: சிறுநீரகக் கல், பித்தக்கல், தழும்பில் குடலிறக்கம், குடல் ஒட்டுதலால் அடைப்பு ஆகியவை பின்னாளில் வரலாம். இடுப்புப் பகுதியில் செய்யும் அறுவைச் சிகிச்சை பெண்களின் கருத்தரிக்கும் திறனையும், ஆண்களின் பாலுறவுத் திறனையும் சிலரிடம் பாதிக்கக்கூடும். கூச்சமின்றி இதுபற்றி முன்னதாகவே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஸ்டோமாவுடன் குளிக்கலாம், வேலைக்குச் செல்லலாம், சேலையோ வேட்டியோ வழக்கம்போல் உடுத்தலாம். திறப்பு அமைய வேண்டிய இடத்தை அறுவைக்கு முன்பே உடலில் குறித்துக்கொள்வார்கள். நீங்கள் ஆடையை எங்குக் கட்டுவீர்கள் என்பதை அப்போது தெரிவியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• புகைபிடிப்பதை அறவே நிறுத்துங்கள். நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்க உங்கள் கையில் உள்ள முதன்மையான வழி இதுவே.
• அறுவைக்கு முன் ரத்தசோகையையும் ஊட்டச்சத்துக் குறைவையும் சரிசெய்துகொள்ளுங்கள்.
• ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.
• அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதங்களுக்குள் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். அறிகுறிகள் தோன்றும் முன்பே நோய் திரும்பியிருப்பதை இதனால் கண்டறிய இயலும்.
• எவ்வளவு குடல் அகற்றப்பட்டது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்று குறிப்பிடும் அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலைப் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் எந்த மருத்துவருக்கும் அது வழிகாட்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சலுடன் கூடிய கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாதிருத்தல், ஸ்டோமா கருத்துப்போதல், சிறுநீர் மிகக் குறைதல், மிகுந்த ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் தாமதிக்காதீர்கள். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழையுங்கள்.